முக்க வேண்டாத காலை

வன்னியில் வவுனிக்குளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்து, விடிந்தது முதல் குனிந்து நிமிர்ந்து உழைக்கும் துணுக்காய் விவசாயி ஒருவர், மூலவருத்தம் கதிரையை விட்டு எழும்பாத பட்டணத்தாருக்கு வருவது என்று நம்பினால் அதில் வியப்பில்லை. உழைப்பு இருக்கிறது, சொந்த வயல் அரிசி இருக்கிறது, குந்தியிருக்கும் மலசலகூடமும் இருக்கிறது. பிறகு அந்த நோய்க்கு இங்கே என்ன வேலை என்றுதான் தோன்றும். ஆனால் மூலம் ஆளின் தொழிலைப் பார்த்து வருவதில்லை. மலம் கழிக்கும்போது எவ்வளவு முக்குகிறோம், எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறோம் என்ற இரண்டுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அந்த முக்கலையும் நேரத்தையும் தீர்மானிப்பவை முதல் நாள் சாப்பிட்ட சாப்பாடு, குடித்த தண்ணீர், காலையில் கிடைத்த அவகாசம் ஆகியவை. போரும் இடப்பெயர்வும் வன்னியில் குலைத்துப்போட்டவற்றுள் இந்த மூன்றும் அடங்கும். ஆகவே தடுப்பும் இந்த மூன்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது.

மூலம் என்றவுடன் உடம்பில் புதிதாக முளைத்த ஏதோ ஒரு கட்டி என்று பலர் எண்ணுகிறார்கள். 1975இல் பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் தொம்சன் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. மலவாயிலின் உட்புறத்தில் எல்லா மனிதருக்கும் பிறப்பிலிருந்தே மூன்று மென்மையான திண்டுகள் உண்டு என்பதையும், அவை இரத்தக்குழாய்களும் மென்தசை நார்களும் சேர்ந்து அமைந்தவை என்பதையும் அவர் விளக்கினார். வாயுவும் நீரும் நம்மை அறியாமல் கசிந்துவிடாதபடி மலவாயிலை மூடிவைப்பதில் இந்தத் திண்டுகளுக்குப் பங்கு உண்டு. ஓய்வாக இருக்கும்போது அங்கே நிலவும் அழுத்தத்தில் 15 முதல் 20 வீதம் இவற்றால் வருவது. திண்டுகளை அவற்றின் இடத்தில் பிடித்துவைத்திருப்பவை மெல்லிய நார்கள். இறுகிய மலத்தை வெளியேற்ற மூச்சைப் பிடித்து முக்கும்போது வயிற்றின் அழுத்தம் முழுவதும் கீழே இறங்குகிறது, திண்டுகளுக்குள் இரத்தம் தேங்குகிறது, வறண்ட மலம் அவற்றை உரசிக் கீழே தள்ளுகிறது. ஒருநாள் நடந்தால் ஒன்றுமில்லை. ஆண்டுக்கணக்கில் நடந்தால் நார்கள் தளர்ந்து, திண்டு வீங்கி, இரத்தம் கசியத் தொடங்கும். அடுத்த கட்டத்தில் வெளியே வந்து தானாக உள்ளே போகும். பிறகு விரலால் தள்ளினால்தான் போகும். கடைசியில் தள்ளினாலும் போகாது. வயது ஏற ஏற இந்த நார்கள் எவருக்கும் தளரும். அந்தத் தளர்ச்சியை நாமே வேகப்படுத்தாமல் இருப்பதுதான் தடுப்பு.

சாப்பாட்டுக்கும் மூலத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கச் செய்தவர் டெனிஸ் பேர்கிற் என்ற ஐரிஷ் சத்திரசிகிச்சையாளர். உகண்டாவில் நீண்டகாலம் பணியாற்றிய அவர், நார் மிகுந்த சாப்பாடு உண்டு இளகிய மலம் கழிக்கும் கிராமத்து ஆபிரிக்கர்களிடம் மூலம் அரிதாக இருப்பதையும், தீட்டிய மா உண்ணும் மேலைநாட்டாரிடம் அது மலிந்திருப்பதையும் ஒப்பிட்டு 1972இல் எழுதினார். இதற்கு வலுவான மறுப்பும் வந்தது. 1990இல் ஜோஹான்சன், சொனன்பேர்க் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து, மலச்சிக்கல் வயதோடு கூடிக்கொண்டே போகிறது, மூலமோ 45க்கும் 65க்கும் இடைப்பட்ட வயதில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைகிறது, ஆகவே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் பெரும்பாலும் எண்ணியது தமக்கு மூலம் இருப்பதாகத் தாமே சொன்னவர்களை. 2015இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு, பெருங்குடலை உட்புறம் பார்க்கும் பரிசோதனைக்கு வந்த 2,813 பேரை வைத்தியர்கள் நேரில் பார்த்துச் செய்தது. அதில் 1,074 பேருக்கு மூலம் இருந்தது. மலச்சிக்கல் உள்ளவர்களிடம் அதற்கான வாய்ப்பு நாற்பது வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. தானிய நார் அதிகம் உண்டவர்களிடம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வந்துவிட்ட மூலத்துக்கு நார்ச்சத்துக் கொடுத்துப் பார்த்த ஏழு பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2005இல் ஆராய்ந்தபோது, தொந்தரவு நீடிப்பதும் இரத்தம் கசிவதும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரிந்தது. பேர்கிற் சொன்ன அளவுக்கு எல்லாமே சாப்பாட்டில் அடங்கிவிடவில்லை. ஆனால் நம் கையில் இருக்கும் பிடிகளில் உறுதியானது அதுதான்.

அந்தப் பிடியைத் துணுக்காயின் அடுப்படியில் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. வெளிநாட்டுக் கோதுமையை அரைக்கும் பெரிய ஆலை திருகோணமலையில் 1980இல் இயங்கத் தொடங்கியபின் வெள்ளை மா நாடெங்கும் இன்னும் எளிதாகக் கிடைத்தது. 2008இல் போரால் ஊரே இடம்பெயர்ந்து, 2009இல் செட்டிகுளம் முகாம்களில் நிவாரணமாகக் கிடைத்த அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெயில் காலம் தள்ளி, அந்த ஆண்டின் பிற்பகுதியில் மீளக் குடியேறத் தொடங்கியபோது, குரக்கன் விதைத்த மேட்டுநிலமும் வேலி முருங்கையும் வளவுக் கொய்யாவும் பலருக்கு இல்லாமற்போயிருந்தன. ரொட்டியும் பிட்டும் பாணும் பழகிவிட்டன. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; பசிக்கு எது கிடைத்ததோ அதை உண்டு மீண்டவர்கள் இவர்கள். ஆனால் கணக்கு என்னவோ அதையும் பார்க்கத்தான் வேண்டும். 100 கிராம் வெள்ளைக் கோதுமை மாவில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. அதே அளவு குரக்கனில் 11 கிராம், பயற்றில் 16 கிராமளவு. காலையில் ரொட்டி, மதியம் வெள்ளைச் சோறும் பருப்பும், இரவில் கோதுமைமாப் பிட்டு, கூடத் தேங்காய்ச் சம்பல் என்று ஒருநாள் கழிந்தால் கிடைக்கும் நார் 15 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்குக் குறைந்தது 25 கிராம். காலை ரொட்டியில் பாதியைக் குறைத்து ஒரு பிடி பயறு அவித்துத் தேங்காய்ப்பூவோடு சாப்பிட்டு, இரவுப் பிட்டுக்குப் பாதி குரக்கன்மா கலந்து, நடுவில் ஒரு கொய்யாப்பழம் தின்றால் அதே நாள் 30ஐ எட்டிவிடும்.

குரக்கன் விலை கூட, பயறு விலை கூட என்பார்கள். உண்மைதான், தோட்டமில்லாத குடும்பத்துக்கு இந்தப் பேச்சு எளிதல்ல. ஆனால் செலவில்லாத வழிகளும் இங்கே உண்டு. வயற்காரர் வீட்டில் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கும் நெல்லை மில்லில் கொடுக்கும்போது தவிடெல்லாம் போகும்படி வெள்ளையாகத் தீட்டச் சொல்லாமல் குறைவாகத் தீட்டச் சொன்னால், அதே வயல், அதே நெல், அதே கூலியில் கூடுதல் நார் தட்டுக்கு வந்துவிடும். முருங்கையிலை, முளைக்கீரை, பொன்னாங்காணி, அகத்தி, பப்பாப்பழம் எல்லாம் வளவில் வளர்பவை. ஒடியல்மாவும் புழுக்கொடியலும் நார் நிறைந்தவை. பருவத்தில் பாலைப்பழத்துக்கும் நாவற்பழத்துக்கும் காட்டுக்குப் போகும் பழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நாரை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு ஊதும், வாயு போகும், இரண்டாம் நாளே மனம் விட்டுவிடும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும்.

நார் மட்டும் போனால் போதாது, அதைத் தொடர்ந்து தண்ணீரும் போக வேண்டும். மலச்சிக்கல் உள்ள 117 பேருக்கு இத்தாலியில் நாளுக்கு 25 கிராம் நார் கொடுத்து, ஒரு பகுதியினரை அவர்கள் விருப்பப்படி குடிக்கவிட்டு, மற்றவர்களை 2 லீற்றர் குடிக்கச் செய்து பார்த்தார்கள். இரண்டு பகுதியினருக்கும் பலன் கிடைத்தாலும், தண்ணீர் கூடக் குடித்தவர்களுக்கே கூடுதலாக மலம் இளகிப் போனது, பேதி மருந்தின் தேவையும் கூடுதலாகக் குறைந்தது. இது இத்தாலியில். சிறுபோகத்து வெயிலில் வயலில் நிற்பவரின் உடம்பிலிருந்து வியர்வையாகப் போகும் நீருக்கு அந்த 2 லீற்றர் போதாது. உடம்பில் நீர் குறைந்தால் பெருங்குடல் மலத்திலிருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். அடுத்த நாள் காலையில் முக்க வேண்டியிருப்பது அதனால்தான். மாலையில் வீடு திரும்பி ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதால் பகலில் இழந்தது ஈடாகிவிடாது. வரம்பில் ஒரு போத்தலை வைத்துக்கொண்டு இடையிடையே குடிப்பது பயன் தரும். அதேநேரம், வவுனியாவிலும் அதையொட்டிய வடமத்திய மாகாணத்திலும் நாட்பட்ட சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைப் பாதித்திருக்கிறது என்பதை மறந்து இதை எழுத முடியாது. சிறுநீரக நோய்க்குக் கிளினிக் போகிறவர்கள் தண்ணீர், கீரை, பழம், பயறு ஆகியவற்றின் அளவைத் தம் வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சொல்லும் அளவு அவர்களுக்குப் பொருந்தாது.

உடலுழைப்பு காப்பாற்றும் என்ற தொடக்கத்து நம்பிக்கைக்கு இங்கே திரும்பலாம். மேலே சொன்ன 2015ஆம் ஆண்டு ஆய்வில், அதிக நேரம் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் மூலம் கூடுதலாக இருக்கவில்லை. சற்றுக் குறைவாகவே இருந்தது. உடல் பருமனுக்கும் மூலத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. இதைக்கொண்டு நடக்க வேண்டாம், ஓட வேண்டாம் என்று எவரும் முடிவு செய்யக்கூடாது. நடை குடலின் அசைவுக்கு உதவுகிறது, இதயத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் அது தரும் பலன் ஐயமற்றது. ஆனால் உழைக்கிறேன், ஆகவே எனக்கு மூலம் வராது என்ற உத்தரவாதம் இல்லை. நெல் மூட்டையை மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது வயிற்றில் எழும் அழுத்தம் மலசலகூடத்தில் முக்கும்போது எழுவதைப் போன்றதே. தூக்கும்போது மூச்சை வெளியே விட்டபடி, முழங்காலை மடித்துத் தூக்கினால் முதுகுக்கும் நல்லது, கீழிருக்கும் திண்டுகளுக்கும் நல்லது.

நம் ஊர்களில் மூலத்துக்குச் சொல்லப்படும் முதற் காரணம் சூடும் உறைப்பும். மிளகாயைப் பற்றி இத்தாலியில் 50 நோயாளிகளிடம் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நாள் மிளகாய்த்தூள் அடைத்த குளிசை, இன்னொரு நாள் வெறும் குளிசை, எது எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும் பின் எரிவிலோ கசிவிலோ வீக்கத்திலோ வேறுபாடு இல்லை. மலவாயில் வெடிப்புக்கு மட்டும் கதை வேறு. இந்தியாவில் செய்த ஆய்வொன்றில் வெடிப்பு உள்ளவர்களுக்கு மிளகாய் நோவையும் எரிவையும் கூட்டியது. வெடிப்பையும் மூலத்தையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் உறைப்புக்கு இந்தப் பழி வந்திருக்கலாம். ஆகவே உறைப்பை விட்டேன், இனி மூலம் வராது என்று நிம்மதியடைவது தவறான இடத்தில் காவல் போடுவதாகும். அதற்காகப் பழைய மருத்துவ அறிவை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உடம்பின் 14 வேகங்களை அடக்கக்கூடாது என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. மலமும் அந்தப் பதினான்கில் அடங்கும். கருணைக்கிழங்கையும் பிரண்டையையும் மூலத்துக்கு அது பரிந்துரைக்கிறது. அடக்காதே என்ற அந்த ஒரு சொல், இன்றைய குடல் மருத்துவம் சொல்வதோடு அப்படியே பொருந்துகிறது.

ஏனென்றால், அடக்கினால் மலம் திரும்பிப் போய்க் குடலில் காத்திருக்கும். காத்திருக்கும் நேரமெல்லாம் நீரை இழந்து இறுகும். காலைச் சாப்பாடோ சூடான தேநீரோ வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்குகிறது. அதையடுத்த அரை மணி நேரம் நாளிலேயே மிக எளிதாக மலம் போகும் நேரம். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டியவர் வெறும் தேத்தண்ணீரோடு ஓடும்போது இழப்பது இந்த அரை மணி நேரத்தைத்தான். பத்து நிமிடம் முன்னதாக எழும்பி, ஏதாவது சாப்பிட்டு, உணர்வு வருகிறதா என்று பார்க்க அவகாசம் கொடுப்பது சின்ன மாற்றம், பலன் பெரிது. ஆனால் எல்லா அடக்கலும் சொந்தத் தெரிவல்ல. வயலில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பக்கத்தில் மறைவிடம் இல்லை. பல நூறு பேருக்கு ஒரு வரிசை மலசலகூடம் என்றிருந்த முகாமில் பெண்கள் இருட்டும்வரை அடக்கினார்கள். தண்ணீர் வராத, கதவு பூட்டாத பாடசாலை மலசலகூடத்துக்குப் போகப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். அங்கே அறிவுரை சொல்லிப் பயனில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மலசலகூடத் தண்ணீரைப் பற்றிக் கேட்கும் ஒரு பெற்றோர் செய்வதும் மூலத்தைத் தடுக்கும் வேலைதான்.

குந்தியிருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில் உடல்நலமுள்ள 28 பேர் மூன்று விதமாக இருந்து பார்த்தார்கள். குந்தியிருந்தபோது சராசரி 51 வினாடி. உயரமான கொமட்டில் 130 வினாடி. குந்தும்போது மலக்குடலை வளைத்துப் பிடிக்கும் தசை தளர்ந்து வழி நேராகிறது. அப்படியானால் குந்துகிற எங்களுக்கும் ஏன் மூலம் வருகிறது என்று கேட்கலாம். குந்துதல் வழியை நேராக்குமே தவிர, இறுகிய மலத்தை இளக்காது. முக்கிக்கொண்டு இருபது நிமிடம் குந்தினால் திண்டுகள் இன்னும் கீழே இறங்கும். புதிய வீடுகளில் கொமட் வருவதைத் தடுக்கத் தேவையில்லை, முழங்கால் நோவுள்ள முதியவர்களுக்கு அது அவசியம். காலடியில் ஒரு சிறிய மணையை வைத்து முழங்காலை உயர்த்தினால் குந்துதலின் பெரும்பகுதிப் பலன் கிடைக்கும். கொமட்டோடு உள்ளே நுழைந்த கைத்தொலைபேசிதான் கவலைக்குரியது. பொஸ்டனில் 125 பேரிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், மலசலகூடத்தில் தொலைபேசி பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 வீதம் கூடுதலாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தவர்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம், தொலைபேசி கொண்டுபோகாதவர்களில் பதினான்கில் ஒருவர். சிறிய ஆய்வு, இறுதிச் சொல் அல்ல. ஆனால் கடைப்பிடிப்பதற்கு எந்தச் செலவும் இல்லாத விதி ஒன்றை அது தருகிறது: தொலைபேசி வெளியே, ஐந்து நிமிடத்துக்குள் போகாவிட்டால் எழும்பி வந்து, உணர்வு வரும்போது மறுபடி போவது.

கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வளரும் கருப்பை கீழ் இரத்தக்குழாய்களை அழுத்துகிறது, கர்ப்பகால ஹோர்மோன்கள் குடலை மந்தமாக்குகின்றன, கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசை பலருக்கு மலத்தை இறுக்குகிறது. மலம் போகவில்லை என்று சிலர் குளிசையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் இரத்தசோகை வந்து தாயையும் பிள்ளையையும் பாதிக்கும். நிறுத்தாமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும். நாரும் நீரும் கூட்டியும் சரிவராவிட்டால் கர்ப்பத்தில் பாதுகாப்பான மலமிளக்கிகள் உண்டு. தாய்க்கோ தகப்பனுக்கோ மூலம் இருந்ததால் எனக்கும் வரத்தான் போகிறது என்று சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. குடும்பத்தில் ஓடுவது உண்மை. நார்களின் வலு பரம்பரையாக வரலாம். ஆனால் ஒரே குடும்பத்துக்குள் தொடர்வது ஒரே அடுப்பும்தான். பரம்பரையை மாற்ற முடியாதவருக்கு அடுப்பை மாற்றும் காரணம் மற்றவர்களைவிடக் கூடுதல்.

இத்தனையும் செய்தும் இரத்தம் வந்தால், அது மூலம்தான் என்று வீட்டிலிருந்தபடியே முடிவெடுக்கக்கூடாது. தடுப்பைப் பற்றிப் பேசும் எவரும் இதைச் சொல்லாமல் விட்டால் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறார். பெருங்குடற் புற்றுநோயும் முதலில் இரத்தமாகத்தான் காட்டக்கூடும். மூலம் என்று நினைத்து ஓர் ஆண்டு கை மருந்தில் கழிப்பவர் அந்த ஆண்டை இழந்துவிடுகிறார். மலத்தோடு இரத்தம் கலந்து போதல், கறுத்த மலம், பல வாரமாக மலப் பழக்கம் மாறியிருத்தல், காரணமில்லாமல் உடம்பு மெலிதல், நாற்பதைத் தாண்டியபின் முதல்முறையாக இரத்தம் காணல், குடும்பத்தில் குடற்புற்று இருந்திருத்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் மல்லாவி ஆதார வைத்தியசாலைக்குப் போகத் தாமதிக்கக்கூடாது. சிறிது சிறிதாகக் கசியும் மூலமே கூட மாதக்கணக்கில் நீடித்தால் இரத்தசோகையில் கொண்டுபோய் விடும். வெட்கத்தால் போகாதவர்கள் அறிய வேண்டியது, அங்கே நடப்பது சில நிமிடப் பரிசோதனை என்பது. விரலாலும் சிறு குழாய் ஒன்றாலும் பார்ப்பார்கள். தொடக்கநிலை மூலத்துக்குச் சாப்பாட்டு மாற்றமே பெரும்பாலும் போதும், அதைத் தாண்டியதற்குச் சிறு இறப்பர் வளையம் போடும் முறை உண்டு, அதற்குப் பொதுவாக வாட்டில் தங்க வேண்டியதில்லை. பெண்கள் பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று கேட்கலாம். அப்படிக் கேட்பது நோயாளியின் உரிமை.